அடுத்த குட்டி எப்போது? வன்னி வளவுகளில் நாயும் நோயும்

நோய்வாய்ப்பட்டு நாய் இறந்த வீட்டுக்கு அடுத்த குட்டியை எப்போது கொண்டுவருவது என்ற கேள்விக்கு வன்னியில் காலத்துக்குக் காலம் வெவ்வேறு விடைகள் இருந்திருக்கின்றன. காடு சூழ்ந்த ஊர்களில் வயற்காவலின் தேவை முதலில் அதைத் தீர்மானித்தது. பிறகு விசர்நோய் பற்றிய பயமும் அரசாங்கச் சட்டமும் குறுக்கே வந்தன. 1978 ஆம் ஆண்டளவில் தோன்றி உலகெங்கும் பரவிய பார்வோ வைரசு, நாள் குறிக்கும் உரிமையை வீட்டாரிடமிருந்து எடுத்து வளவின் மண்ணிடம் கொடுத்தது. அதன்மேல் போரும் இடப்பெயர்வும் மீள்குடியேற்றமும் வந்து சேர்ந்தன. கிளிநொச்சி மாவட்டத்தின் ஸ்கந்தபுரமும் அதை ஒத்த குடியேற்றக் கிராமங்களும் இந்த மாற்றங்கள் எல்லாவற்றுக்கும் உட்பட்டவை. இந்த வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால் ஒன்று தெளிவாகும்: காத்திருக்க வேண்டிய காலம் எவ்வளவு என்பது, முந்திய நாய் எந்த நோயால் இறந்தது என்பதில் தங்கியிருக்கிறது.

காட்டோர ஊரும் காவல் நாயும்

ஸ்கந்தபுரம் கரைச்சிப் பிரதேச செயலர் பிரிவில் அக்கராயனுக்கு அண்மையில் உள்ள விவசாயக் கிராமம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரணைமடுக் குளம் கட்டப்பட்டதைத் தொடர்ந்து கிளிநொச்சிப் பகுதியில் காணிகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்தவர்கள் காடு வெட்டி, வயல் திருத்திக் குடியேறினர். 1984 இல் கிளிநொச்சி தனி மாவட்டமானபோது இப்பகுதியில் இரண்டாம், மூன்றாம் தலைமுறை விவசாயிகள் வாழ்ந்துகொண்டிருந்தனர்.

குடாநாட்டின் நெருக்கமான வளவுகளில் நாயின் வேலை பெரும்பாலும் படலையடிக் காவலோடு முடிந்துவிடும். வன்னியில் வேலை அதைவிடப் பெரிது. காலபோக நெல் கதிர் தள்ளும் காலத்தில் இரவில் பன்றிக் கூட்டம் வயலுக்குள் இறங்கும். கச்சான், மரவள்ளித் தோட்டங்களைக் கிண்டிப் போடுவதும் அவைதான். பகலில் குரங்கும் மயிலும் வரும். யானை வரும் திசையை முதலில் உணர்வதும் நாய். பட்டியில் அடைத்த மாட்டுக் கன்றுகளையும் கொல்லைப்புறக் கோழிகளையும் நரியிடமிருந்து காப்பது அதன் பொறுப்பு. காவற்கொட்டிலில் தனியே படுத்திருக்கும் கமக்காரனுக்கு அதுவே துணை. உடும்பு வேட்டைக்கும் பன்றி வேட்டைக்கும் போனவர்கள் நாயை நம்பியே காட்டுக்குள் இறங்கினர்.

இந்த உறவு நீண்ட பழமை உடையது. மகாவம்சம் சொல்லும் விசயன் கதையில், கரையிறங்கிய கூட்டத்தவரில் ஒருவன் நாயைக் கண்டதும் அருகில் ஊர் இருக்க வேண்டும் என்று கருதி அதன் பின்னே செல்கிறான். நாய் இருந்தால் குடியிருப்பு இருக்கும் என்ற எண்ணம் அந்தக் கதைக்கு அடிப்படை. தமிழகத்தில் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்துள்ளது. இறந்த வீரனின் பெயரோடு, கள்வர் இருவரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரும் அதில் வெட்டப்பட்டிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டிலேயே ஒரு நாய் பெயர் சொல்லிக் கல்லில் நினைவுகூரப்பட்டது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் நாய் வைரவரின் வாகனம். மரத்தடியில் சூலம் நாட்டி வைரவரை வழிபட்டு வடைமாலை சாத்தும் ஊர்களில், நாயைக் காரணமின்றி அடிப்பது தகாத செயலாகவே கருதப்பட்டது.

சடங்கில்லாத இறப்பு

மனிதர் இறந்த வீட்டில் துடக்கு உண்டு. எட்டுச் செலவு உண்டு. 31 ஆம் நாள் அந்தியேட்டி உண்டு. எந்த நாள் வரை எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை ஊர் வழக்கம் வகுத்து வைத்திருக்கிறது. நாயின் இறப்புக்கு அப்படியொரு நாட்கணக்கு இல்லை. தென்னையடியிலோ வேலியோரத்திலோ குழி வெட்டிப் புதைப்பதோடு கடமை முடிந்தது. பிள்ளைகள் அழுவார்கள், சிலர் பூ வைப்பார்கள். அடுத்த குட்டிக்கு நாள் குறிக்கும் முறை எதுவும் உருவாகவில்லை.

ஆகவே தேவைதான் நாளைக் குறித்தது. கதிர் முற்றும் காலத்தில் நாய் இறந்தால் அடுத்த வாரமே புதிய குட்டி வந்துவிடும். குட்டி விலைக்கு வாங்கும் பொருளாக இருக்கவில்லை. அயலில் எந்தப் பெட்டை குட்டி போட்டிருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். கண் திறந்து, பால் மறந்து, சோறு நக்கத் தொடங்கியதும் கடுவன் குட்டிகளைக் கேட்டு ஆட்கள் வருவார்கள். பெட்டைக் குட்டிகளுக்கு அவ்வளவு கேள்வி இருப்பதில்லை. சந்தையடியிலும் கோயிலடியிலும் கொண்டுபோய் விடப்பட்டவற்றில் அவையே அதிகம்.

வந்த குட்டிக்குப் பல வீடுகளில் பழைய நாயின் பெயரையே வைத்தனர். அது உண்ட சட்டி, படுத்த சாக்கு, கட்டிய கயிறு எல்லாம் இதற்கு வந்து சேர்ந்தன. சிக்கனமும் பாசமும் கலந்த இந்த வழக்கம், முதுமையாலோ பாம்புக் கடியாலோ இறந்த நாயின் இடத்துக்குக் குட்டி வந்தபோது எந்தத் தீங்கும் செய்யவில்லை. தொற்றுநோயால் இறந்த நாயின் இடத்துக்கு வந்த குட்டிக்கு அந்தச் சட்டியும் சாக்குமே ஆபத்தாயின. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று குட்டிகள் இறந்த வளவை ‘நாய் ராசியில்லாத வளவு’ என்று சொல்லிவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத காரணத்துக்கு அன்றைக்குக் கிடைத்த விளக்கம் அது.

விசர்நோயும் சட்டமும்

நாயின் நோய்களில் அரசாங்கம் முதலில் கவனித்தது விசர்நோயைத்தான். அது நாயோடு நிற்காமல் மனிதரையும் கொல்வது இதற்குக் காரணம். 1885 யூலை மாதம் பரிசில் லூயி பாஸ்டர், விசர்நாய் கடித்த யோசேப் மைஸ்டர் என்ற சிறுவனுக்குத் தடுப்பூசி செலுத்தி அவனைக் காப்பாற்றினார். எட்டு ஆண்டுகளின் பின், 1893 இல், இலங்கையில் விசர்நோய்க் கட்டளைச் சட்டம் வந்தது. 1901 இல் நாய்களைப் பதிவுசெய்வதற்கான கட்டளைச் சட்டம் அதைத் தொடர்ந்தது. ஆண்டுதோறும் உள்ளூராட்சி மன்றத்தில் கட்டணம் செலுத்தி நாயைப் பதிய வேண்டும் என்பதும், நோய் பரவிய இடங்களில் கட்டில்லாமல் திரியும் நாய்களைப் பிடித்து அழிக்கலாம் என்பதும் இச்சட்டங்களின் சாரம். தென்னிந்தியாவில் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907 இல் தொடங்கப்பட்டது. இலங்கையில் விசர்நோய் ஆய்வின் மையமாகக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் விளங்கிவருகிறது. ஐயத்துக்குரிய நாயின் தலை இன்றும் அங்கே அனுப்பப்படுகிறது.

நாய்களைக் கொல்வது நீண்ட காலம் கட்டுப்பாட்டின் முக்கிய வழியாக இருந்தது. அந்த வழி தோற்றதற்கான காரணங்களில் ஒன்று, அடுத்த குட்டி பற்றிய கேள்வியிலேயே அடங்கியிருக்கிறது. நாய் பிடிக்கப்பட்ட வீட்டில் காவலின் தேவை அப்படியே இருக்கும். வீட்டார் சில வாரங்களுக்குள் வேறொரு குட்டியைக் கொண்டுவருவார்கள். கொல்லப்பட்டது தடுப்பூசி பெற்ற நாயாகவும் இருக்கலாம். வந்த குட்டிக்கோ ஊசி போட்டிருக்காது. இப்படி ஊரில் ஊசி பெற்ற நாய்களின் விகிதம் குறைந்து, நோய் பரவ வசதியாகிவிடும். நாய்களில் நூற்றுக்கு 70 ஆவது தடுப்பூசி பெற்றிருந்தால் நோயின் சங்கிலி அறும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வலியுறுத்தும் அளவு.

இலங்கையில் 1973 ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் விசர்நோயால் இறந்தனர். 1975 இல் தேசிய விசர்நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. நாய்களுக்கு இலவசத் தடுப்பூசியும், கடிபட்டவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் இலவசச் சிகிச்சையும் பரவலாகின. 2006 இல் தெருநாய்களைக் கொல்வதை அரசு நிறுத்தி, தடுப்பூசியையும் கருத்தடையையும் வழியாகக் கொண்டது. அண்மைய காலத்தில் இறப்புகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 முதல் 40 வரை குறைந்துள்ளன. கடித்த உடனே காயத்தைச் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி வைத்தியசாலைக்குச் சென்றிருந்தால் அந்த உயிர்களையும் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கலாம். நோய்க்குறி தோன்றிய பின் மருந்து பலிப்பதில்லை.

விசர்நோய்க் கிருமி மண்ணில் தங்காது. வெயிலிலும் உலர்விலும் விரைவில் அழிந்துவிடும். ஆகவே இறந்த நாயின் வளவு புதிய குட்டிக்கு ஆபத்தான இடம் அல்ல. ஆபத்து, அதே வளவில் வாழும் மற்ற விலங்குகளில் இருக்கிறது. நோயுற்ற நாய் கடித்த வேறொரு நாயோ பூனையோ வாரக்கணக்காக, சிலவேளை மாதக்கணக்காக, எந்தக் குறியும் காட்டாமல் இருந்து பிறகு நோயுறும். கடிபட்ட, ஊசி போடாத நாயை ஆறு மாதம் வரை தனிமைப்படுத்திக் கண்காணிக்க வேண்டும் என்ற விதி இதனால் வந்தது. அதனோடு விளையாட ஒரு குட்டியை அக்காலத்துக்குள் கொண்டுவருவது குட்டிக்கும் பிள்ளைகளுக்கும் கேடு.

டிஸ்டெம்பர்

விசர் என்று ஊரவர் கருதிய சாவுகளில் ஒரு பகுதி வேறொரு நோயால் வந்திருக்கும். டிஸ்டெம்பர் கண்ட நாய்க்கு முதலில் காய்ச்சலும் மூக்கொழுகலும் இருமலும் வரும். பிறகு வாய் வெட்டிவெட்டி இழுக்கும், நுரை தள்ளும், கால்கள் துடிக்கும், வலிப்பு வரும். கடைசி நாட்களில் விசர்நாயிலிருந்து பிரித்தறிவது கடினம். இது வைரசால் வருவது என்று 1905 இல் பிரெஞ்சு விலங்கு மருத்துவர் ஹென்றி கரே காட்டினார். 1920 களில் இங்கிலாந்தில் லெயிட்லோவும் டன்கினும் தடுப்பூசி உருவாக்கினர். நரி, காட்டுப் பூனை போன்றவற்றையும் இந்நோய் தாக்கும். 1994 இல் தன்சானியாவின் செரெங்கெட்டியில் சிங்கங்கள் பெருந்தொகையாக இறந்தது டிஸ்டெம்பரால்தான்.

வெப்ப நாட்டில் இந்தக் கிருமியும் வெளியில் நீடிப்பதில்லை. வெயிலில் சில மணி நேரத்திலும் நிழலில் சில நாட்களிலும் செயலிழந்துவிடும். ஒரே நாய் இருந்த வீட்டில் ஒரு மாத இடைவெளி போதுமானதிலும் அதிகம். ஆனால் பிழைத்துக்கொண்ட நாய் வாரக்கணக்கில், சிலவேளை மூன்று நான்கு மாதம் வரை, கிருமியை வெளியேற்றக்கூடும். வீட்டில் அப்படியொரு நாய் இருந்தால் காத்திருப்பும் அதற்கேற்ப நீளும்.

1978 இன் பின்

பார்வோ வைரசு வந்தபோது நிலைமை வேறானது. பூனைகளைத் தாக்கும் ஒரு வைரசிலிருந்து திரிந்து உருவான இக்கிருமி 1978 இல் பல நாடுகளில் ஒரே காலத்தில் இனங்காணப்பட்டது. முன்பு எந்த நாயும் இதைச் சந்தித்திருக்கவில்லை. ஆகவே எதிர்ப்புச் சக்தியும் எந்த நாய்க்கும் இருக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் அது உலகைச் சுற்றிவிட்டது. 1980 களின் தொடக்கத்தில் சென்னைக் கால்நடை மருத்துவர்கள் அதை அங்கு பதிவுசெய்தனர்.

ஆறு வாரத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடைப்பட்ட குட்டிகளே அதற்குப் பெரும்பாலும் பலியாகின்றன. கிருமி குடலின் உட்சுவரையும் எலும்பு மச்சையையும் தாக்குகிறது. குட்டி சோறு மறுத்துச் சுருண்டு படுக்கும், வாந்தி எடுக்கும், கடும் நாற்றத்தோடு இரத்தக் கழிச்சல் போகும். நீரிழப்பாலும் இரத்தத்தில் கலந்த பிற கிருமிகளாலும் இரண்டு மூன்று நாளில் இறந்துவிடும். உடனே சேலைன் ஏற்றி, வாந்திக்கும் பிற தொற்றுக்கும் மருந்து கொடுத்தால் பெரும்பாலானவை பிழைக்கின்றன. எதுவும் செய்யாமல் விட்டால் பெரும்பாலானவை இறக்கின்றன.

முந்திய நோய்களிலிருந்து இதை வேறுபடுத்துவது கிருமியின் உறுதி. நோயுற்ற குட்டியின் மலத்தில் கோடிக்கணக்கில் வெளியேறும் வைரசு, சவர்க்காரத்துக்கோ மதுசாரத்துக்கோ மணக்கும் கிருமிநாசினிகள் பலவற்றுக்கோ அழிவதில்லை. வீட்டுக்குள் ஒன்றிரண்டு மாதமும் வெளியில் அதைவிட நீண்ட காலமும் உயிர்ப்போடு இருக்கும். விலங்கு மருத்துவ வழிகாட்டல்களில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கின்படி, நல்ல வெயில் படும் நிலத்தில் ஐந்து மாதமும் நிழலும் ஈரமும் உள்ள நிலத்தில் ஏழு மாதமும் தொற்றும் ஆபத்து உண்டு. சில சூழ்நிலைகளில் ஓராண்டும் ஆகலாம். செருப்பிலும் சைக்கிள் சில்லிலும் சாக்கிலும் ஒட்டிக்கொண்டு அது அடுத்த வளவுக்குப் போகும்.

‘நாய் ராசியில்லாத வளவு’ என்று சொல்லப்பட்ட இடங்கள் பலவற்றின் மர்மத்தை இது விளக்குகிறது. ஒரு குட்டி இறந்து இரண்டு வாரத்தில், அதே சட்டி, அதே சாக்கு, அதே மண் என்று அடுத்த குட்டி வந்தால், அது இறப்பதற்கு வளவின் ராசி காரணமாக இருக்கத் தேவையில்லை.

போரும் கைவிடப்பட்ட நாய்களும்

நோயைத் தடுக்கும் ஊசி உலகில் வந்துவிட்ட காலத்தில் வன்னி அதைப் பெறும் நிலையில் இருக்கவில்லை. 1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியபின் வடக்குக்குச் செல்லும் எரிபொருள், மின்கலம், மருந்து முதலியவற்றுக்குத் தடையும் கட்டுப்பாடும் விதிக்கப்பட்டன. தடுப்பூசி மருந்தை 2 பாகை முதல் 8 பாகை செல்சியஸ் வரையான குளிரில் வைத்திருக்க வேண்டும். மின்சாரம் இல்லாத கிராமங்களில் மனிதருக்கான மருந்தைப் பாதுகாப்பதே பெரும்பாடாக இருந்தது. சேலைன் போத்தல்கள் காயப்பட்டவர்களுக்கே போதாத காலத்தில், கழிச்சல் கண்ட நாய்க்குட்டிக்குக் கிடைக்க வழி இல்லை.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தனர். அவர்களில் பெருந்தொகையானோர் கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்கு வந்தனர். 1996 யூலையில் ‘சத்ஜய’ இராணுவ நடவடிக்கை தொடங்க, கிளிநொச்சி நகரத்தவரும் ஓட வேண்டியதாயிற்று. ஸ்கந்தபுரமும் அக்கராயனும் மல்லாவியும் தாங்க முடியாத அளவு மக்களைத் தாங்கின. ஒரு வளவுக்குள் பல குடும்பங்கள் கொட்டில் போட்டு வாழ்ந்தன. ஆட்கள் நெருங்கிய இடத்தில் நாய்களும் நெருங்கின. ஊசி போடாத குட்டிகளும் பல ஊர்களின் நாய்களும் ஒரே மண்ணில் கூடும் நிலை, டிஸ்டெம்பரும் பார்வோவும் பரவுவதற்கு மிகவும் ஏற்றது.

2002 பெப்ரவரி போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின் சில ஆண்டுகள் மூச்சுவிட முடிந்தது. 2008 இல் மன்னார்ப் பக்கமிருந்து போர் நகர்ந்து வந்தபோது, அடைக்கலம் கொடுத்த ஊரே அடைக்கலம் தேடிப் போனது. ஸ்கந்தபுரம், அக்கராயன் மக்கள் கிழக்கே விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக முள்ளிவாய்க்கால் வரை தள்ளப்பட்டனர். உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்ற முடிந்தது பிள்ளைகளையும் முதியவர்களையும் கொஞ்சம் அரிசியையும்தான். நாய்க்குச் செய்யக்கூடியதாக இருந்தது கயிற்றை அவிழ்த்துவிடுவது மட்டுமே. மனித உயிர்கள் ஆயிரமாயிரமாகப் போன 2009 இல் நாயின் இழப்பைப் பேச யாருக்கும் இடமிருக்கவில்லை. ஆனாலும் அது இழப்பாகவே இருந்தது. விடைபெறாமல் விட்டுவந்த நாயைப் பற்றிய குற்ற உணர்வு, மீள்குடியேறிய வீடுகளில் பிற்காலத்தில் பேச்சில் வெளிப்பட்டது.

மீள்குடியேற்றத்தின் பின்

செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களிலிருந்து மக்கள் 2009 இன் கடைசியிலிருந்து கட்டங்கட்டமாகத் திரும்பினர். முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. திரும்பியவர்களின் வளவுகளில் பற்றை மண்டியிருந்தது. பன்றியும் பாம்பும் யானையும் பெருகியிருந்தன. தகரக் கொட்டிலில் வாழத் தொடங்கியவர்களுக்கு நாய் உடனடித் தேவையாயிற்று. கிடைத்த குட்டியை, அது எங்கிருந்து வந்தது என்று பாராமல், கொண்டுவந்தார்கள். தடுப்பூசிச் சேவை ஊருக்குள் முழுமையாக வந்துசேரும் முன்னமே இது நடந்தது.

சேவைகள் மெல்ல மெல்ல வந்தன. விசர்நாய்த் தடுப்பூசியைச் சுகாதாரத் துறையினர் ஊருக்கு நாள் குறித்து வந்து இலவசமாகப் போடுகின்றனர். வடக்கு மாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் அரச கால்நடை வைத்தியர்கள் பணிபுரிகின்றனர். மாட்டு டொக்டர் என்று ஊரில் அழைக்கப்படும் இவர்களிடமே நாயையும் கொண்டுபோகிறார்கள். பார்வோ, டிஸ்டெம்பர் முதலியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசி விசர்நாய் ஊசியைப் போல இலவசமானதல்ல; பணம் கொடுத்தே போட வேண்டும். ஆகவே பல நாய்கள் ஒரு நோயிலிருந்து பாதுகாக்கப்பட்டு, மற்றவற்றுக்குத் திறந்துவிடப்பட்ட நிலையில் வளர்கின்றன. கைவிடப்பட்ட நாய்களுக்காக இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை சரணாலயம் ஒன்றை அமைத்திருக்கிறது.

வீட்டின் நிலமும் மாறியது. சாணம் மெழுகிய மண் நிலத்தை எந்த மருந்தாலும் முழுமையாகத் தொற்றுநீக்க முடியாது. 2012 இலிருந்து பெருமளவில் நடைமுறையான இந்திய வீடமைப்புத் திட்டமும் பிற திட்டங்களும் கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமங்களுக்குச் சீமெந்து நிலமிட்ட வீடுகளைக் கொடுத்தன. சீமெந்து நிலத்தைக் கழுவிக் குளோரின் நீரால் துடைக்க முடியும். குட்டியைச் சில மாதம் விறாந்தையில் மட்டும் வைத்து வளர்க்க முடியும். முன்னைய தலைமுறைக்கு இல்லாத வசதி இது.

நோயும் காத்திருப்பும்

இன்றைய விலங்கு மருத்துவ அறிவின்படி, அடுத்த குட்டிக்கான காலம் பின்வருமாறு அமைகிறது.

பார்வோவால் இறந்த நாயின் வளவுக்கு ஊசி முடிக்காத குட்டியைக் கொண்டுவராதிருப்பதே நல்லது. முதலில் மலமும் வாந்தியும் பட்ட இடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். அழுக்கிருந்தால் குளோரினின் வலு போய்விடும். பிறகு வீட்டுப் பாவனைக்கான குளோரின் திரவம் ஒரு பங்குக்கு நீர் முப்பது பங்கு கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். சாக்கையும் கயிற்றையும் எரித்துவிடலாம். மண் முற்றத்துக்கு வெயிலே மருந்து. மாரியில், ஐப்பசிக்கும் தைக்கும் இடையில், குட்டி இறந்திருந்தால் ஈரமண்ணில் கிருமி நீடிக்கும். சோளகக் காற்று அடிக்கும் வறண்ட மாதங்கள் முழுவதும் முற்றம் காய்ந்தபின் கொண்டுவருவது பாதுகாப்பானது. நாய் கட்டாயம் வேண்டும் என்ற வீட்டுக்கு இன்னொரு வழி உண்டு: ஊசிகள் முறையாகப் போட்ட, வளர்ந்த நாயை எடுத்து வளர்க்கலாம். அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை.

உண்ணிக் காய்ச்சலால் இறந்திருந்தால் காத்திருப்பைவிடத் துப்புரவு முக்கியம். இரத்தச் சிவப்பணுக்களில் வாழும் பபேசியா போன்ற ஒட்டுண்ணிகளை நாய் உண்ணி கடத்துகிறது. இலங்கையில் நாய்களுக்கு அடிக்கடி வரும் நோய்களில் இது ஒன்று. உண்ணி உணவின்றியும் மாதக்கணக்கில் சுவர் வெடிப்பிலும் கிடுகு வேலியிலும் மறைந்திருக்கும். வெடிப்புகளைப் பூசி, நாய் படுத்த இடத்துக்கு மருந்தடித்து, புதிய நாய்க்கு முதல் நாளிலிருந்தே உண்ணி மருந்து பாவித்தால் நீண்ட இடைவெளி தேவைப்படாது.

எலிக்காய்ச்சல் வயலோர ஊர்களுக்கு உரிய இன்னொரு நோய். மனிதருக்கும் அது ஆபத்தானது. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் உயிர்களைப் பறித்தது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தேங்கிய நீரிலும் கிருமி வாரக்கணக்கில் வாழும். காய்ந்த மண்ணில் விரைவில் இறந்துவிடும். வெள்ளம் வடிந்து வளவு உலரும்வரை காத்திருந்து, கூட்டுத் தடுப்பூசியில் எலிக்காய்ச்சலுக்குரியதும் அடங்கியுள்ளதா என்று கால்நடை வைத்தியரிடம் கேட்டறிவது நல்லது.

புற்றுநோய், சிறுநீரக நோய், இதய நோய், முதுமை ஆகியவற்றால் இறந்த நாயின் இடத்துக்கு எந்த நாளிலும் வேறு நாய் வரலாம். எதனால் இறந்தது என்று தெரியாதபோது பார்வோவுக்குரிய கணக்கையே கொள்வது அறிவுடைமை. காரணம் தெரியாமல் நாய் இறந்து, அதற்கு முன் யாரையாவது கடித்தோ கீறியோ இருந்தால், குட்டி பற்றிய யோசனைக்கு முன் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

மனதின் காலம்

மண்ணும் சுவரும் ஆயத்தமானாலும் வீட்டார் ஆயத்தமாகாமல் இருக்கலாம். நாய்க்காக அழுவதைச் சிறுபிள்ளைத்தனமாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. பல உறவுகளை இழந்த வன்னிக் குடும்பங்களில், நாயின் சாவு பழைய சாவுகளின் நினைவையும் கிளறிவிடக்கூடும். தனித்து வாழும் முதியவருக்கு அது வீட்டில் இருந்த ஒரே துணையின் சாவு. அவருக்கு ஒரு வாரத்தில் இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து மடியில் வைப்பது உதவியாகவும் அமையலாம், வேதனையாகவும் அமையலாம். அவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

பிள்ளைகளுக்கு நாய் இறந்ததை மறைக்காமல், என்ன நோய் என்பதையும் சொல்லி, புதைப்பதில் பங்கெடுக்க விடுவது நல்லது. உடனே அதே பெயரில் இன்னொன்றைக் கொண்டுவந்தால், செத்தது திரும்பிவிட்டது என்றோ, ஒன்றுக்கு ஒன்று ஈடு என்றோ சிறு பிள்ளை எண்ணிக்கொள்ளக்கூடும். புதிய குட்டி பழைய நாயைப் போலக் குரைக்கவில்லை, சொல் கேட்கவில்லை என்று அடி வாங்கும் வீடுகளில் பெரும்பாலும் துக்கம் முடியும் முன்னே குட்டி வந்திருக்கிறது. பார்வோ கேட்கும் ஐந்தாறு மாதக் காத்திருப்பு இந்த வகையில் வீட்டாருக்கும் உதவக்கூடியது. அந்த இடைவெளியில் வேலி சீராகும், ஊசிக்கான பணம் சேரும், அடுத்து வருவது வேறொரு உயிர் என்ற எண்ணம் பழகும்.

குட்டி வந்தபின்

காத்திருந்து கொண்டுவந்த குட்டியையும் ஊசி இல்லாமல் விட்டால் காத்திருந்த பயன் போய்விடும். எட்டு வாரம் தாயோடு இருந்த குட்டியே நல்லது. தாய்ப்பாலின் வழியாக வந்த எதிர்ப்புச் சக்தி சில வாரங்களில் குறையத் தொடங்கும். அது முற்றாகக் குறையும்வரை போட்ட ஊசியும் சரியாகப் பிடிக்காது. குறைந்துவரும் அந்தச் சக்தி நோயையும் முழுமையாகத் தடுக்காது. இந்த இடைக்காலம் ஒவ்வொரு குட்டிக்கும் வேறுபடுவதால்தான், ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரை ஊசி திரும்பத் திரும்பப் போடப்படுகிறது. கடைசி ஊசிக்குப் பின் இரு வாரம் ஆகும்வரை குட்டியைத் தெருவிலும் சந்தையடியிலும் வேறு நாய்கள் போன இடங்களிலும் விடக்கூடாது. விசர்நாய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டு, அட்டையைப் பத்திரப்படுத்த வேண்டும். பூச்சி மருந்தும் காலந்தவறாமல் கொடுக்கப்பட வேண்டும். பெட்டைக் குட்டியானால் கருத்தடை செய்துவிடலாம். சந்தையடியில் விடப்படும் குட்டிகளின் தொகை அப்போதுதான் குறையும். கடுவனை மட்டும் தேடும் பழைய வழக்கத்துக்கும் அதன்பின் காரணம் இராது, ஏனெனில் காவலில் பெட்டை எந்த வகையிலும் குறைந்ததல்ல.